இல்லாத காலின் பெருவிரல்

திருகோணமலைப் பாலையூற்றில் எங்கள் பக்கத்து வீட்டு மாமாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. யுத்த காலத்தில் மிதிவெடியில் போனது. பகலில் ஜெய்ப்பூர் கால் போட்டுக்கொண்டு சைக்கிள்கூட ஓடுவார். இருட்டினால் காலைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டு விறாந்தைக் கதிரையில் இருப்பார். நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, கார்த்திகை மாதத்து இரவொன்றில், "பெருவிரல் கடிக்குது பிள்ளை" என்றார். நான் அவருடைய வலது காலைப் பார்த்தேன். அவர் சொன்னது அந்தக் காலை அல்ல. சுவரில் சாத்தியிருந்ததையும் அல்ல. இல்லாமல் போன காலின் பெருவிரல் அவருக்கு அரித்துக்கொண்டிருந்தது.

"மழை வரப்போகுதெண்டால் இது முதலே சொல்லும்" என்றார் மாமா.

எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. விரலே இல்லை என்றால் அரிப்பு எங்கே இருக்கிறது? அந்தக் கேள்வியைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். இன்றைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். நரம்பறிவியல் பக்கம் போவதென்று முடிவெடுத்திருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் உயர்தரம் படிக்கும் தங்கச்சிமார் இரண்டு பேராவது வந்து, "அக்கா, நியூரோசயன்ஸ் படிக்க இப்பவே என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சரியாகச் செய்தது, பிழையாகச் செய்தது இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது உயர்தரத்தைப் பற்றி. நரம்பறிவியலில் ஆசை வந்ததும் நான் ஆறு மாதம் மூளை வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். அந்தத் தவணையில் இரசாயனவியலில் விழுந்தேன். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையின்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. அது ஒரு கைகொடுப்புத்தான், ஆனாலும் இசட் புள்ளி இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு இருபது நிமிடம் மட்டும் மூளைக்கு, மிச்சம் மூன்று பாடங்களுக்கு என்று வைத்துக்கொண்டேன். அந்த இருபது நிமிடமும் வீணில்லை. உயிரியல் பாடவிதானத்தில் வரும் தாக்க அழுத்தம் (நரம்பில் ஓடும் மின்துடிப்பு), நரம்பிணைப்பு (ஒரு நரம்புக்கலம் இன்னொன்றோடு தொடர்புகொள்ளும் இடம்) எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யாமல் விளங்கிப் படித்தது அப்போதுதான்.

பெறுபேறு வந்தது. மருத்துவத்துக்கு என் புள்ளி போதவில்லை. இரண்டு நாள் அழுதேன். அம்மாவும் அழுதா. மூன்றாம் நாள் பழைய கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேட டொக்டராகத்தான் இருக்க வேண்டும் என்று அங்கே எங்கும் எழுதியிருக்கவில்லை. எங்கள் ஊரில் மூளை என்றால் நரம்பு டொக்டர் மட்டும்தான் என்று நினைக்கிறோம். நோயைக் குணப்படுத்துவது ஒரு வேலை, மூளை எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையில் உயிரியல் படித்தவர்கள், பௌதிகவியல் படித்தவர்கள், கணினிக்காரர், உளவியல்காரர் எல்லோரும் இருக்கிறார்கள்.

பரீட்சை எழுதியதிலிருந்து கம்பஸ் தொடங்கும் வரை எனக்குக் கிட்டத்தட்ட பதினாறு மாதம் கிடைத்தது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் காத்திருப்பு ஒரு பெரிய சலிப்பு. நான் படித்தவற்றில் பாதி அந்தப் பதினாறு மாதத்தில் படித்தது.

கணவாயில் இருந்து தொடங்குகிறேன். நரம்புக்கலம் மின்சாரத்தை எப்படிக் கடத்துகிறது என்பதை உலகத்துக்குச் சொன்னது கணவாய்தான். அதன் உடம்பில் ஒரு நரம்பிழை இருக்கிறது. சில இனங்களில் அரை மில்லிமீற்றரிலிருந்து ஒரு மில்லிமீற்றர் வரை தடிப்பு. நம்முடைய நரம்பிழைகளோடு ஒப்பிட்டால் அது வடக்கயிறு. ஆபத்து என்று கண்டதும் முழு உடம்பையும் ஒரே நொடியில் சுருக்கித் தண்ணீரைப் பீச்சிப் பின்னால் பாய அந்தத் தடிப்பு அதற்குத் தேவை. ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு பேர் 1939இல் அந்த இழைக்குள்ளேயே மின்வாயைச் செருகித் தாக்க அழுத்தத்தை அளந்தார்கள். உலக யுத்தம் வந்து வேலை நின்றது. யுத்தம் முடிந்து திரும்பி வந்து, 1952இல் சோடியமும் பொற்றாசியமும் மென்சவ்வைக் கடக்கும் கணக்கை எழுதினார்கள். 1963இல் நோபல் பரிசு. யுத்தத்தால் நின்றுபோன படிப்பு பிறகு தொடரும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்நியமான கதை இல்லை.

இதை வாசித்த அடுத்த நாள் விடியற்காலை திருக்கடலூர்க் கரைக்கு அப்பாவோடு போனேன். வள்ளத்திலிருந்து இறக்கிய கணவாயில் மூன்று வாங்கினோம். கவனியுங்கள், உள்ளே தடித்த வெள்ளை ஓடு இருக்கிற கணவாய் வேறு. நான் வாங்கியது நீளமானது, உள்ளே இறகு மாதிரி மெல்லிய கண்ணாடித் தகடு மட்டும் இருப்பது. முதலாவதை மேல் பக்கத்தால் வெட்டினேன். எல்லாம் நாசம், மை வேறு கொட்டியது. இரண்டாவதை வயிற்றுப் பக்கத்தால், அதாவது தண்ணீர் பீச்சும் குழாய் இருக்கிற பக்கத்தால், கத்திரிக்கோலால் நேராகக் கீறி ஒரு புத்தகத்தைப் போல விரித்தேன். உள்ளுறுப்புகளை மெதுவாக ஒதுக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். தலைக்குக் கிட்ட, உள்சுவரில், நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி. ஒவ்வொன்றிலிருந்தும் நட்சத்திரக் கதிர்கள் போல நூல்கள் விரிந்து தசைக்குள் போயிருந்தன. பின்பக்கம் போகிற நூல்தான் எல்லாவற்றிலும் நீளம். தாத்தாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். தையல் நூல் மாதிரி, கொஞ்சம் மினுங்கியது. அந்த நூலுக்குள்தான் அவர்கள் அளந்த இழை இருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வட்டமும் வாலுமாகப் பார்த்த நரம்புக்கலத்தை அம்மாவின் வெட்டுப்பலகையில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. மூன்றாவதைத் தங்கச்சிக்கு வெட்டிக் காட்டினேன். மத்தியானம் கணவாய்க் கறி.

வெட்டிய பிறகு கட்டாயம் படம் வரையுங்கள். போனில் எடுத்த போட்டோ போதாது. நரம்புக்கலங்கள் தனித்தனி என்பதை நிலைநாட்டிய ஸ்பெயின்காரர் கஹால் சின்ன வயதில் ஓவியராக ஆசைப்பட்டவர். கொல்கி என்ற இத்தாலியர் கண்டுபிடித்த சாயத்தைப் பயன்படுத்திக் கஹால் வரைந்த படங்களை இன்றைக்கும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து 1906இல் நோபல் பரிசு கிடைத்தது. கை வரையும்போதுதான் கண் எதைப் பார்க்காமல் விட்டது என்று தெரியும். ஆட்டு மூளையும் அப்படித்தான் படித்தேன், இறைச்சிக் கடையில் சொல்லி வைத்து வாங்கி. பச்சையாக வெட்டினால் கூழாகிவிடும். பாதி உறைந்த நிலையில் கூரான கத்தியால் நடுவே வெட்டினால் சிறுமூளைக்குள் மரக்கிளை போல வெள்ளைக் கோடுகள் தெளிவாகத் தெரியும். கையுறை போடுங்கள். உறுப்புகளைக் கெடாமல் வைக்கும் போமலின் வீட்டில் வேண்டாம், அது பாடசாலை ஆய்வுகூடத்துக்கு உரியது.

அடுத்தது கணிதம். நான் மிகவும் பிந்தி விளங்கிக்கொண்ட விஷயம் இது. உயிரியல் பிரிவுக்கு வந்தால் கணிதத்திலிருந்து விடுதலை என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சாதாரண தரத்தோடு கணிதக் கொப்பிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன். பிறகு நரம்புக்கலத்தின் ஓய்வு அழுத்தம், அதாவது அது சும்மா இருக்கும்போதுள்ள மின்னழுத்தம், ஏன் மறைப் பெறுமானம் என்று தேடியபோது முதல் பக்கத்திலேயே மடக்கை நின்றது. கலத்துக்குள்ளே பொற்றாசியம் 140 அலகு, வெளியே 5 அலகு என்றால், 5ஐ 140ஆல் பிரித்து, மடக்கை எடுத்து, 61ஆல் பெருக்கினால் மறை 88 மில்லிவோல்ட் வரும். உடல் வெப்பநிலையில் பொற்றாசியம் மட்டும் கடந்தால் அழுத்தம் அங்கேதான் போய் நிற்கும். பத்தாம் வகுப்பில் அட்டவணை பார்த்துச் செய்த அதே மடக்கை. ஒரு வாரம் இதையே வேறு வேறு அயன்களுக்குப் போட்டுப் பார்த்தேன். ஏன் மறைப் பெறுமானம் என்பது அதற்குப் பிறகு மறக்கவே இல்லை.

ஆகவே உயிரியல் பிரிவுத் தங்கச்சிகள் கணிதக் கொப்பியை வைத்திருங்கள். மடக்கை, வரைபின் சரிவு, நிகழ்தகவு, சராசரி, நியம விலகல். இவ்வளவு போதும், தொடங்குவதற்கு. அப்புறம் பைதன் என்ற கணினி மொழி. மச்சானின் பழைய லப்டொப்பில் படித்தேன். முதல் மாதம் எரிச்சல்தான். இரண்டாம் மாதம் பத்து வரியில் கசிவு நரம்புக்கலம் என்ற ஒரு எளிய கணினி மாதிரி எழுதினேன். மின்னோட்டம் கொடுத்தால் அழுத்தம் ஏறும், விட்டால் கசிந்து இறங்கும், எல்லையைத் தொட்டால் ஒரு துடிப்பு. மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்டத் துடிப்புகள் நெருங்கி வருவதைத் திரையில் பார்ப்பது ஒரு சந்தோசம். இணைந்த கணிதம் படிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இந்தத் துறைக்கு வெளியாட்கள் இல்லை. நியூரோமச் அகடமி என்று 2020இல் தொடங்கிய ஒரு இணைய வழிப் பள்ளி இருக்கிறது. மூளையைக் கணிதத்தாலும் கணினியாலும் ஆராயும் கணிப்பு நரம்பறிவியல் பாடங்களை முழுவதும் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அது உங்களுக்காகவே செய்தது போல இருக்கும்.

வாசிப்புக்கு நான் பயன்படுத்தியவை மிகக் கொஞ்சம். அமெரிக்க நரம்பறிவியல் சங்கம் வெளியிடும் பிரெய்ன் ஃபக்ட்ஸ் என்ற புத்தகம் இலவசமாகக் கிடைக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை முடித்தால் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹூஸ்டன் மருத்துவப் பிரிவு வைத்திருக்கும் நியூரோசயன்ஸ் ஒன்லைன். இரண்டும் போதும். பத்து வீடியோத் தொடரைத் தொடங்கிப் பாதியில் விடுவதைவிட ஒன்றை முடிப்பது நல்லது. ஆங்கிலம் எனக்கு முதலில் மலையாக இருந்தது. ஒரு வாரத்துக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை என்று வைத்து, முழுவதையும் வாசிக்காமல் படங்களையும் படத்தின் கீழுள்ள வரிகளையும் மட்டும் எடுத்து, அதை இரவுச் சாப்பாட்டு நேரம் அம்மாவுக்குத் தமிழில் சொல்லுவேன். அம்மா "அப்ப ஏன் அப்பிடி?" என்று கேட்கிற இடத்தில் எனக்குப் பதில் வராது. எனக்கு விளங்காத இடம் அதுதான். திரும்பப் போய் வாசிப்பேன்.

இடையில் ஒன்று. மூளையில் பத்து வீதத்தைத்தான் பாவிக்கிறோம் என்று சொல்லி ஞாபகசக்தி வகுப்பு விற்கிறவர்களை நம்பாதீர்கள். அது பொய். உடல் நிறையில் ஏறக்குறைய 2 வீதமான மூளை, ஓய்வாக இருக்கும்போதே உடலின் சக்தியில் 20 வீதத்தை எடுத்துக்கொள்கிறது. பாவிக்காத ஒன்றுக்கு உடம்பு இவ்வளவு செலவழிக்காது. பிள்ளைகளின் பயத்தை வைத்து அந்தக் காசை வாங்குவது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

கவனிப்பதைப் பழக எங்கள் ஊரைப் போல ஒரு இடம் கிடையாது. கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான்களை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு மான் ஆளைக் கண்டால் ஓடும், இவை ஓடாது. ஆபத்தில்லாத ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் நரம்புத் தொகுதி அதற்குப் பதில் கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. கண்டெல் என்பவர் கடல்முயல் என்ற கடல் உயிரில் இந்தப் பழக்கப்படுதலை நரம்பிணைப்பு மட்டம் வரை ஆராய்ந்தார், 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரானார். நான் மான்களை நோக்கி மெதுவாக நடந்து, எத்தனையாவது அடியில் அது தலையைத் தூக்குகிறது, எத்தனையாவதில் நகருகிறது என்று எழுதினேன். தெருவோரத்து மான்களுக்கும் உள்ளே தள்ளி நிற்பவற்றுக்கும் வித்தியாசம் இருந்தது. தொடாதீர்கள், சாப்பாடு காட்டாதீர்கள். காட்டினால் நீங்கள் அளப்பது பயத்தை அல்ல, பசியை.

இனி நான் செய்த பிழை.

கால் கை இழந்தவர்களுக்கு இல்லாத உறுப்பு இருப்பது போலத் தோன்றுவதற்கு 1871இலேயே பேய் உறுப்பு என்று பெயர் வைத்தவர் மிச்சல் என்ற அமெரிக்க டொக்டர். அவரும் ஒரு யுத்தத்தில் காயப்பட்டவர்களைப் பார்த்துத்தான் எழுதினார். மூளையின் மேற்பரப்பில் உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு இடம் இருக்கிறது. உறுப்பு போன பிறகும் அந்த இடம் காலியாகிவிடுவதில்லை. மாமாவின் பெருவிரல் அங்கே இருக்கிறது. இதை வாசித்தபோது பத்தாம் வகுப்புக் கேள்விக்கு அரைவாசிப் பதில் கிடைத்தது போலிருந்தது. அப்புறம் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் செய்த கண்ணாடிச் சோதனையைப் பற்றி வாசித்தேன். இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை வைத்தால், சிலருக்கு இல்லாத கை அசைவது போலத் தோன்றி, வலி குறைந்தது.

அன்றைக்கே அம்மாவின் அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மாமாவிடம் போனேன். மாமா சிரித்துக்கொண்டு சம்மதித்தார். இரண்டு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, வலது பாதத்தை ஆட்டச் சொன்னேன். கண்ணாடியில் இடது பாதம் ஆடியது. மாமா பேசவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். நெற்றி வேர்த்து, "எடு பிள்ளை, தலை சுத்துது" என்றார். அன்றிரவு அவருக்கு அரிப்பு இல்லை, வலி. விடிய விடிய முழித்திருந்தார். காலையில் மாமி வேலியடியில் வந்து நின்று, "நீ என்ன டொக்டரோ?" என்று மட்டும் கேட்டா.

இந்தப் பயிற்சியைப் பயிற்றப்பட்ட சிகிச்சையாளர்கள் ஆளைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறார்கள் என்பதும், சிலருக்குத் தலைசுற்றும் மனவேதனையும் வரும் என்பதும், எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை என்பதும் நான் அதற்குப் பிறகு வாசித்தவை. முதலே வாசித்திருக்க வேண்டியவை. இந்தத் துறைக்கு வர விரும்புகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்கிறேன். கணவாயை வெட்டலாம், மானை எண்ணலாம், உங்கள் கையிலேயே அடிமட்டத்தை விழவிட்டுப் பிடித்துத் தாக்கநேரம் அளக்கலாம், 20 சென்ரிமீற்றர் விழுந்தால் 0.2 செக்கன். நோவு உள்ள மனிதரில் எதையும் செய்து பார்க்காதீர்கள். மாமா சம்மதித்தது என்னை நம்பி. என்ன வரக்கூடும் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. அது சம்மதம் ஆகாது.

ஒரு வாரம் கழித்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். மாமாதான் கேட்டார், "அப்ப இனி ஒண்டும் செய்ய மாட்டியோ?" எண்ணலாம் என்றேன். அவர் வீட்டுச் சுவர் நாட்காட்டியில், அரிப்பு வந்த நாளுக்கு ஒரு புள்ளி, மழை பெய்த நாளுக்கு ஒரு கோடு. கார்த்திகை, மார்கழி என்று நான் கணக்கு வைக்காமல், நவம்பர் முதலாம் திகதி தொடங்குவோம் என்று சொன்னேன்.

அந்தக் காலத்திலேயே கற்கைநெறிகளையும் தேடினேன். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டத்தின் பெயரில் நரம்பறிவியல் என்று இருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை எடுத்து, உயிரியல் விஞ்ஞானம், மருத்துவம் இரண்டோடு நிறுத்தாமல் வாசியுங்கள். களனியில் பேச்சு மற்றும் கேட்டல் விஞ்ஞானம் இருக்கிறது, பேராதனையில் இயன்மருத்துவமும் கதிர்ப்படவியலும் இருக்கின்றன. மூளையோடு நேரே வேலை செய்கிற படிப்புகள் இவை, எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்வதில்லை. ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் பட்டத்தோடு முடியாது, கலாநிதிப் பட்டம் வரை போக வேண்டும். அமெரிக்காவில் அதற்கு ஐந்து ஆறு வருடம் எடுக்கும், ஆனால் பெரும்பாலும் உதவித்தொகையோடு. கிட்டப் பார்த்தால் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் நரம்பறிவியல் மையம் இருக்கிறது. சென்னை ஐஐடியின் மூளை மையம் கருவிலுள்ள சிசுவின் மூளையைக் கல மட்டத்தில் படமெடுத்து 2024இல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. வீட்டிலிருந்தே பாருங்கள்.

ஆய்வாளர்களுக்கு இமெயில் எழுதுவதற்குப் பயப்படாதீர்கள். பதினொரு பேருக்கு எழுதினேன். முதல் ஐந்தும் என்னைப் பற்றிய நீண்ட கதை, பதில் இல்லை. பிறகு, அவர்களுடைய கட்டுரையில் எந்தப் படம் விளங்கவில்லை என்று ஆறு வரியில் கேட்டேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் எழுதியது: புள்ளிவிபரவியல் படி, அதுதான் பிறகு படிக்க நேரம் கிடைக்காத பாடம்.

ஜனவரி கடைசியில் மாமாவின் நாட்காட்டியை எடுத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தோம். 92 நாள். மழை பெய்தது 41 நாள், பெய்யாதது 51. அரிப்பு வந்த நாள் 27. அதில் 13 மழை நாள். "பார்த்தியே, பதின்மூண்டு" என்றார் மாமா. நான் நாலு கட்டம் போட்டேன். மழை நாள் 41இல் 13. மழையில்லாத நாள் 51இல் 14. நூற்றுக்குப் பார்த்தால் ஒன்று 32, மற்றது 27. இவ்வளவு சின்ன வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. மழையும் அரிப்பும் சேர்ந்து வந்த கட்டத்தை மட்டும் பார்த்தால் மாமா சொன்னது சரி மாதிரித்தான் இருக்கும். மற்ற மூன்று கட்டத்தையும் பார்க்க வேண்டும்.

மாமா கனநேரம் அந்த நாலு கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப இவ்வளவு வருசமும் மழையாலதான் எண்டு எனக்கு ஏன் பிள்ளை தோணினது?"

புதுக் கொப்பி வாங்கி அதை முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டுதான் கம்பஸுக்கு வந்தேன். மாமா இன்னும் புள்ளி போடுகிறார். இப்போது நித்திரை வராத இரவுகளுக்கும் ஒரு அடையாளம் தானாகவே சேர்த்திருக்கிறார்.